மருந்தெனப்படாத மருந்துகள்

1863ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே உடற்பருமனைப் பற்றிய ஒரு கடிதம் சிறு நூலாக வெளிவந்தது. பொது மக்களை விளித்து எழுதப்பட்ட அக்கடிதத்தின் ஆசிரியர் வைத்தியரல்லர், விஞ்ஞானியுமல்லர். வில்லியம் பான்ரிங் என்னும் அவர், அரச குடும்பத்தினர்க்கும் பிரபுக்களுக்கும் ஈமக்கிரியைகளை ஏற்று நடத்தும் பரம்பரைத் தொழிலுடையவர். (இன்சுலினைக் கண்டவருள் ஒருவரான பான்ரிங் வேறு; இவர் வேறு.) ஐந்தடி ஐந்தங்குல உயரமே உடைய அவர் 1862 ஓகஸ்ட் மாதத்தில் 202 றாத்தல் நிறையுடையவராயிருந்தார். குனிந்து தம் சப்பாத்தின் வாரைக் கட்ட அவரால் இயலவில்லை. முழங்கால்கள் பாரந் தாங்கமாட்டாமையினாற் படிக்கட்டில் முதுகைக் காட்டிப் பின்புறமாகவே இறங்குவார். படகு வலித்துப் பார்த்தார். கடற்கரையில் வாழ்ந்து பார்த்தார். நீராவிக் குளியலும் மருந்துகளும் பயன்படவில்லை. ஈற்றிலே காது மந்தமாகியமை கண்டு காது வைத்தியரான வில்லியம் ஹாவி என்பாரிடஞ் சென்றார். அவரோ காதை விட்டு வயிற்றைக் கவனித்தார். ரொட்டி, வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்குமாறு பணித்தார். ஓராண்டிற் பான்ரிங் 46 றாத்தல் குறைந்தார்.

தாம் பெற்ற இன்பத்தைப் பிறரும் பெறவேண்டுமென எண்ணிய அம்முதியவர், தம் செலவிலேயே அந்நூலை அச்சிட்டு முதற் பதிப்பை இலவசமாக வழங்கினார். பத்தியமிருந்து மெலிவதற்கு அவர் பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாயிற்று. இங்கே கருதவேண்டியது ஒன்றுண்டு. பான்ரிங் ஒரு பொருளையும் விற்கவில்லை. அவர் உலகுக்குச் சொன்ன செய்தி கசப்பானது, விரும்பியுண்டதை விடவேண்டுமென்பது. அவர் எழுப்பிய ஆசையோ எங்கும் பரவியது. விரும்பியதை உண்டுகொண்டே மெலியலாமென்று சொல்ல ஒருவர் வந்தால் அவர் கடை முன்னே கூட்டங் கூடாதிருக்குமா? அத்தகையோர் வந்தனர்.

1870களின் பிற்பகுதியில் நியூயோர்க் மாநிலத்துப் பபலோ நகரிலிருந்து, அலனின் கொழுப்பு மாற்றி என்னும் மருந்துநீர் போத்தல்களிற் புறப்பட்டு அத்திலாந்திக் சமுத்திரத்தின் இருகரையிலும் விலைப்பட்டது. அதன் சாரம் குமிழிகள் நிறைந்த ஒருவகைக் கடற்பாசி. அப்பாசியில் அயடீன் உண்டு. அயடீன் தைரொயிட்டுச் சுரப்பியைத் தூண்டக்கூடியது என்பதை நினைத்தால், அக்காலத்து வணிகர் இருட்டிலே கல்லெறிந்து குறிக்கு அணித்தாக வந்துவிட்டனரென்றே சொல்லவேண்டும். அணித்தாக வந்தமையே ஆபத்துமாயிற்று.

கழுத்தின் முன்புறத்தில் அமைந்துள்ள அச்சுரப்பி, உடலென்னும் உலையின் அனலைக் கூட்டிக் குறைக்கும் கருவி போன்றது. 1891ஆம் ஆண்டில் ஆங்கில வைத்தியரான ஜோர்ஜ் மரே, அச்சுரப்பி செயலிழந்து வீங்கித் தளர்ந்திருந்த ஒரு பெண்மணிக்குச் செம்மறியாட்டின் சுரப்பிச் சாற்றை ஏற்றி நலமளித்தார். வைத்திய சாத்திரத்தின் அரிய வெற்றிகளுள் அஃது ஒன்று. அந்நோயாளரின் உடல் அம்மருந்தினால் மெலிந்ததைக் கண்ட பிறர், நோயற்ற பருத்தோர்க்கும் அதனைக் கொடுக்கத் தலைப்பட்டமைக்கு மூன்றாண்டு தானும் செல்லவில்லை. நிறை குறைந்தது உண்மை. ஆயின் குறைந்தது கொழுப்பு மட்டுமன்று, தசையுங்கூட. நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, உறக்கம் ஒழிந்தது. வைத்தியர்களுள் அறிவுடையோர் கையை விட்டனர். அவர்கள் விட்டதை மருந்துக் கடைகள் பற்றிக்கொண்டன.

அமெரிக்காவில் டிற்றோயிற் நகரத்து ரலடாம் கம்பனி விற்ற மார்மோலா என்னும் வில்லை அவற்றுட் பேர்பெற்றது. உலர்த்திய தைரொயிட்டே அதன் உயிர். பத்தியமும் வேண்டா, உடற்பயிற்சியும் வேண்டா என்று பத்திரிகைகள்தோறும் அது விளம்பரஞ் செய்யப்பட்டது. வைத்தியரின் சீட்டு வேண்டியதில்லை. காசு இருந்தாற் போதும்.

அந்நாட்டில் இதனைத் தடுக்கச் சட்டமொன்று இல்லையா என்று கேட்கத் தோன்றும். சட்டம் இருந்தது. 1906ஆம் ஆண்டிலே தூய உணவு, மருந்துச் சட்டம் நிறைவேறியிருந்தது. அச்சட்டம் மருந்து என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் வகுத்தது. மனிதருக்கோ விலங்குக்கோ உள்ள நோயைத் தீர்க்கவும் தணிக்கவும் தடுக்கவும் கருதிய பொருளே மருந்து என்பது அதன் கருத்து. பார்வைக்குக் குற்றமற்ற இலக்கணம். நாமும் நோய் தீர்ப்பதையே மருந்தென்கிறோம். ஆனாற் பருமன் நோயா? அல்லவென்றே அக்காலத்துச் சட்டம் கொண்டது. நோயன்றாதலின், அதனைக் குறைக்கும் வில்லை மருந்துமன்று. மருந்தன்றாதலின், மருந்துச் சட்டம் அதனைத் தீண்டாது. தர்க்க நூல் வல்லார் வியக்கத்தக்க இம்முடிவின் கீழே முப்பதாண்டுக் காலம் மெலிவிக்கும் வில்லைகள் நிழல் பெற்றிருந்தன.

வேறொரு வழியால் அரசு முயன்றது. வணிகத்தில் நேர்மையற்ற போட்டியைத் தடுக்கும் அதிகாரம் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவுக்கு இருந்தது. மார்மோலா பாதுகாப்பானதென்று விளம்பரஞ் செய்வது பொய்யென்று அவ்வாணைக்குழு தடை விதித்தது. கம்பனி வழக்காடியது. 1931ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சட்டங் கற்போர் இன்றும் படிப்பது. விளம்பரம் மக்களை ஏமாற்றுவது என்பதையும் வில்லை ஆபத்துடையது என்பதையும் ஒப்புக்கொண்டாலும், அதனாற் போட்டி வணிகர் எவரேனும் நட்டமடைந்தனர் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே ஆணைக்குழுவுக்கு அதிகாரமில்லை என்றது நீதிமன்றம். உண்டவர் அடைந்த கேடு கணக்கிலே சேரவில்லை. விற்பவர் ஒருவர்க்கொருவர் செய்யும் கேடே சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது.

இவ்வில்லைகளை வாங்கியோர் யாவர்? பெரும்பாலோர் பெண்கள், அவர்களுள்ளும் மிக்க பருமனில்லாதோர் பலர். முதலாம் உலக யுத்தத்தின் பின் உடையின் பாங்கு மாறிற்று. புகையிரத நிலையங்களிலும் கடைவாயில்களிலும் சில்லறைக் காசு இட்டு நிறை பார்க்கும் இயந்திரங்கள் நின்றன. உயரத்துக்கேற்ற நிறை எவ்வளவு என்று ஆயுட் காப்புறுதிக் கம்பனிகள் அட்டவணை வகுத்தன. தன் நிறையை வாழ்நாளில் ஒருகாலும் அறியாத பாட்டியின் பேர்த்தி, அதனை வாரந்தோறும் அறிந்தாள், அறிந்து வருந்தினாள்.

இந்நிலையில் 1933ஆம் ஆண்டு பிறந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் மொரிஸ் ரெயின்ரர், வின்சர் கற்றிங் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், டைநைத்திரோபீனோல் என்னும் மஞ்சள் நிறப் பொடியொன்றைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டனர். அப்பொடி வைத்தியத்துக்குப் புதியதேயன்றி உலகுக்குப் புதியதன்று. சாயத் தொழிலில் அது வழங்கியது. மரம் உழுக்காமற் காக்கவும் உதவியது. முதலாம் உலக யுத்தத்திலே பிரான்சு நாட்டவர் அதனைப் பிக்கிரிக்கமிலத்தோடு கலந்து பீரங்கிக் குண்டுகளில் அடைத்தனர். அத்தொழிற்சாலைகளில் வேலைசெய்தோர் அளவின்றி வியர்த்தனர், மூச்சு வாங்கினர், காய்ச்சலுற்றனர், உடல் மெலிந்தனர், சிலர் மாண்டும் போயினர். போர்க்காலத்துப் பிரெஞ்சு வைத்தியர் இவற்றையெல்லாம் எழுதிவைத்திருந்தனர். சாவைப் பற்றிய அக்குறிப்புகளில் மெலிவைப் பற்றிய குறிப்பும் இருந்தது. ரெயின்ரர் குழுவினர் பற்றிக்கொண்டது அதனையே.

சிறிய அளவிற் கொடுத்தபோது உடலின் அனுசேப வேகம் நூற்றுக்கு ஐம்பது வரை உயர்ந்தது. பத்தியமின்றியே வாரத்துக்கு இரண்டு மூன்று றாத்தல் நிறை குறைந்தது. தைரொயிட்டைப்போல நெஞ்சைப் படபடக்கச் செய்யவுமில்லை. தசையைக் கரைக்காமற் கொழுப்பையே எரிக்கும் பொருள் கிடைத்துவிட்டதென்று தோன்றிற்று.

அது செயற்படும் வகை விளங்கியது பதினைந்தாண்டு கழித்து, 1948ஆம் ஆண்டிலேதான். ஒரு நெல் ஆலையை எண்ணிக்கொள்ளலாம். இயந்திரத்தையும் குற்றும் உரலையும் ஒரு வார்ப்பட்டி இணைக்கின்றது. எண்ணெய் எரிகின்றது, இயந்திரம் சுழல்கின்றது, அரிசி வருகின்றது. வார்ப்பட்டியைத் தளர்த்திவிட்டால் இயந்திரம் முன்னிலும் விரைவாய்ச் சுழலும், எண்ணெய் மிகுதியாய் எரியும், அரிசிமட்டும் வராது. உடலின் உயிர்க்கலங்களில் உணவு ஒட்சிசனோடு சேர்ந்து எரிவதற்கும், அவ்வெரிவிலிருந்து உடலுக்கு வேண்டிய சக்தி சேமிக்கப்படுவதற்கும் இடையேயுள்ள பிணைப்பை இப்பொடி அவ்வாறு தளர்த்துகின்றது. எரிந்த கொழுப்பெல்லாம் வெப்பமாய் வீணாகின்றது. அளவு சற்று மிஞ்சினால் வெப்பம் மிஞ்சும். காய்ச்சலைத் தணிக்கும் சாதாரண மருந்து எதற்கும் அவ்வெப்பம் அடங்காது. அதற்கு மாற்று மருந்தென ஒன்றும் கிடையாது. பயன்தரும் அளவுக்கும் உயிர்போக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. அதுவும் ஆளுக்காள் வேறுபடுவது.

ரெயின்ரரை வஞ்சகரென்று கொள்வது நீதியன்று. வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பிலன்றி இதனை எவரும் உண்ணலாகாது என்று அவர் தொடக்கத்திலேயே எழுதினார்; தாம் கண்ட தீய விளைவுகளையும் மறைக்கவில்லை. ஆயின் வியப்புக்குரிய ஒரு செய்தியை அச்சிலே இட்டபின், அதனோடு சேர்த்து இட்ட எச்சரிக்கையும் அச்செய்தியோடு கைகோத்துச் செல்லுமென்று நம்புதல் பேதைமை. செய்தி பத்திரிகைகளுக்குச் சென்றது. எச்சரிக்கை நூல்நிலையத்திலே தங்கிவிட்டது. பொடியோ மலிவானது, செய்முறை உரிமை எவர்க்குமில்லை. சில மாதங்களில் பல்வேறு கம்பனிகள் பல்வேறு பெயர்களில் அதனை வில்லையாக்கி விற்றன. மருந்துக் கடையில் எவரும் கேட்டு வாங்கலாம். ஓராண்டளவில் அமெரிக்காவில் ஓரிலட்சம் பேருக்குக் குறையாதோர் அதனை உண்டிருப்பரென்று ரெயின்ரர் தாமே கணித்தார்.

முதலில் தோலிலே தடிப்பு எழுந்தது. சிலர் நாவின் சுவையை இழந்தனர். சிலர்க்குக் குருதியின் வெண்கலங்கள் அழிந்தன. இறப்புகளும் பதிவாயின. அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் மருந்தாய்வுச் சபை இதனை ஏற்புடைய மருந்துகளின் பட்டியலிற் சேர்க்க மறுத்தது. விற்பனை நிற்கவில்லை.

1935ஆம் ஆண்டிலே சன்பிரான்சிஸ்கோ நகரத்துக் கண் வைத்தியர்களிடம் சில பெண்கள் வந்தனர். பார்வை மங்கிவருவதாகச் சொன்னார்கள். கண்ணைச் சோதித்தபோது கண்புரை விழுந்திருந்தது. முதியோரிடத்தே காணும் கண்புரை இளம்பெண்களின் கண்ணில்! இரு கண்ணிலும் ஒருங்கே தோன்றி, வாரக்கணக்கில் விரைந்து முதிர்ந்தது அது. நீரிழிவில்லை, அடிபடவில்லை. எல்லோரையும் இணைத்தது மெலிவிக்கும் அவ்வில்லை ஒன்றே. அதனினுங் கொடியது, வில்லையை நிறுத்திப் பல மாதங்கள் சென்ற பின்னரும் சிலர்க்குக் கண்புரை தோன்றியமை. உண்டவளுக்குத் தான் தப்பினாளா என்பதை அறியவும் வழியில்லை. ஒவ்வொரு நாளும் எழுந்து சுவரிலுள்ள நாட்காட்டியின் எழுத்துத் தெரிகின்றதா என்று பார்க்கவேண்டிய நிலை. அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்டோர்க்கு இது நேர்ந்ததாக வைத்திய ஏடுகள் பதிந்தன.

முன்கூட்டி விலங்குகளிற் சோதிக்கவில்லையா என்னும் வினாவுக்கு விடை வியப்பானது. சோதித்தனர். ஆயின் ஆய்வுகூடத்தில் வழங்கிய விலங்குகளின் கண்ணில் அது புரையை உண்டாக்கவில்லை. பின்னர் வாத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதே புரை உண்டாயிற்று. வாத்துக் குஞ்சை முதலிலே சோதிக்கவேண்டுமென்று எவர்க்குத் தோன்றும்?

அக்காலத்தில் விவசாயத் திணைக்களத்தின் கீழிருந்த உணவு, மருந்து நிருவாகம் செய்யக்கூடியது எச்சரிப்பதொன்றே. பெட்டியின் மேல் எழுதியது பொய்யென்றாற் கைப்பற்றலாம். பெட்டியினுள் இருப்பது கொல்லுமென்றாற் கைப்பற்ற வழியில்லை. மெலிவிக்கும் வில்லையாயின் முந்திய காரணத்தினாலும் வழியில்லை. ஆகவே அந்நிருவாகத்தார் 1933இலேயே ஒரு காட்சிசாலையை அமைத்தனர். சட்டத்துக்குட்பட்டு விற்கப்படும் ஆபத்தான பண்டங்களையும், அவற்றாற் கெட்டவர்களின் படங்களையும் அங்கே வரிசையாக வைத்துச் சட்டமியற்றுவோர்க்குக் காட்டினர். பத்திரிகையாளர் அதற்குப் பயங்கரக் கூடமென்று பெயரிட்டனர். மெலிவிக்கும் மருந்துகளும் அக்கூடத்தில் இடம்பெற்றன. புதிய சட்டத்துக்கான மசோதா அவ்வாண்டிலேயே கொண்டுவரப்பட்டும் ஐந்தாண்டு அலைக்கழிந்தது. மருந்து வணிகரின் எதிர்ப்பு ஒருபுறம்; விளம்பரத்தால் வாழும் பத்திரிகைகளின் மௌனம் மறுபுறம்.

அசைத்தது வேறொரு கேடு. 1937ஆம் ஆண்டில் சல்பனிலமைட்டு என்னும் நல்ல மருந்தை நஞ்சான ஒரு திரவத்திற் கரைத்து, எலிக்சர் என்னும் பெயரால் ஒரு கம்பனி விற்றது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர், பலர் சிறுவர். அந்நிலையிலும் பழைய சட்டத்தின்படி அதனைக் கைப்பற்றக் கிடைத்த காரணம், எலிக்சரென்றால் மதுசாரங் கலந்ததாயிருக்கவேண்டும், இதில் மதுசாரமில்லை, ஆகவே பெயர் பிழையென்பது மட்டுமே. வேறு பெயர் சூட்டியிருந்தால் அதுவுமில்லை. மக்கள் கொதித்தெழுந்தனர். 1938 யூன் 25ஆம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் புதிய சட்டத்திற் கையொப்பமிட்டார்.

அச்சட்டம் மருந்தின் வரைவிலக்கணத்தை விரித்தது. நோய் தீர்க்கும் பொருளோடு, உடலின் அமைப்பையோ தொழிற்பாட்டையோ மாற்றக் கருதிய பொருளும், உணவு தவிர்ந்தவிடத்து, மருந்தே என்றது. மெலிவிக்கும் வில்லை அன்றே மருந்தாயிற்று. புதிய மருந்தை விற்குமுன் அது பாதுகாப்பானதென்று விற்பவர் காட்டவேண்டுமென்பதும் அச்சட்டத்தினாலேயே வந்தது. டைநைத்திரோபீனோல் மனிதர் உண்ணத் தகாத கொடிய பொருளென அறிவிக்கப்பட்டுக் கடைகளினின்று மறைந்தது. மார்மோலாவும் தப்பவில்லை. 1942இல் அதே உயர் நீதிமன்றம் ஆணைக்குழுவின் பக்கந் தீர்த்தது. அடுத்த ஆண்டில் விஸ்கொன்சினிலுள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றமொன்று, கைப்பற்றப்பட்ட பொதிகளைப் பற்றிய வழக்கில் அவ்வில்லை ஆபத்தானதென்று கண்டது.

வரைவிலக்கணத்தின் நடுவே நின்ற "உணவு தவிர்ந்தவிடத்து" என்னும் சிறு தொடரை அன்று எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை.

யுத்தத்துக்குப் பின்னர் பசியை அடக்கும் அம்பெற்றமீன் வகைகள் வைத்தியரின் சீட்டோடு வழங்கின. ஏழு நிற வில்லைகளை ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொடுத்த கொழுப்பு வைத்தியசாலைகளைப் பற்றி 1968இல் அமெரிக்கச் செனற் சபை விசாரணை நடத்தியது. அவை கடையில் தாமாக வாங்குவன அல்லவாதலின் வேறொரு கதை.

கடையிலே தாராளமாகக் கிடைத்தது பீனைல்புறப்பனோலமீன். தடிமனால் மூக்கடைத்தோர்க்குக் கொடுக்கும் பழைய மருந்து அது. பசியையுஞ் சற்றே மந்தமாக்கும். 1972ஆம் ஆண்டில் தொடங்கிய, சீட்டின்றி விற்கும் மருந்துகளைப் பற்றிய ஆய்வின் வழியே, அதனை நிறை குறைக்க ஏற்கலாமென்று நிபுணர் குழுவொன்று 1982இல் கருத்துரைத்தது. டெக்சற்றிம் முதலிய பெயர்களில் அது கோடிக்கணக்காய் விலைபோயிற்று. இளம்பெண்கள் சிலர்க்கு, முதன்முதல் ஒரு வில்லை உண்டவுடனேயே, மூளையில் இரத்தம் பெருகியதென்ற செய்திகள் இடையிடையே வந்தன. தனித்தனிச் செய்தி எதனையும் மெய்ப்பிப்பதில்லை. உற்பத்தியாளரே பொருளுதவி செய்ய யேல் பல்கலைக்கழகத்தார் 1994 முதல் ஐந்தாண்டு ஆராய்ந்தனர். 43 ஆஸ்பத்திரிகளில் மூளையில் இரத்தம் பெருகிய 702 பேரும், அவர்களோடு ஒப்பிட 1376 பேரும் வினவப்பட்டனர். பசியடக்கும் வில்லையாக அதனை உண்ட பெண்களுக்கு ஆபத்துப் பதினாறு மடங்குக்கு மேலாகக் காணப்பட்டது. உண்டிருந்தோர் தொகை சிறிதாதலின் அம்மடங்கைத் துல்லியமென்று கொள்வதற்கில்லை. ஆபத்து உண்டென்பதையோ மறுப்பதற்கில்லை. 2000 நவம்பரில் அதன் விற்பனையை நிறுத்துமாறு அரசு கேட்டது. கடைகளின் தட்டுகள் வெறுமையாயின. நிறை குறைக்க அது துணைபுரிந்தது சில றாத்தலளவே என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

இதற்கிடையில் அச்சிறு தொடர் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. 1994 ஒக்டோபரில் நிறைவேறிய சட்டமொன்று, மூலிகைகளையும் உயிர்ச்சத்துகளையும் உணவுத் துணைப்பொருள்கள் என்னும் புதிய பெயரால் உணவின் பக்கஞ் சேர்த்தது. அவற்றை விற்குமுன் பாதுகாப்பை மெய்ப்பிக்கவேண்டியதில்லை. தீங்குடையதென்று மெய்ப்பிக்கும் பாரம் அரசின் தலைமேல் விழுந்தது. 1906இல் நோயன்றாதலின் மருந்தன்று என்றனர்; இப்போது உணவாதலின் மருந்தன்று என்றாயிற்று. சீன வைத்தியத்திலே மூச்சுத் தடைக்கு நெடுங்காலமாக வழங்கிய எபெட்ரா என்னும் மூலிகை, கோப்பியின் சாரத்தோடு சேர்ந்து மெலிவிக்கும் வில்லையாக வந்தது. எபெட்ராவின் சாரமும் பீனைல்புறப்பனோலமீனும் உறவுடையவை. வைத்தியர் ஒரு சுரத்துக்காக அளந்து கொடுத்த மூலிகைக்கும், மாதக்கணக்காய் நாளுக்கு மூன்றுமுறை விழுங்கும் வில்லைக்கும் உள்ள வேற்றுமையை இயற்கைப் பொருளென்னும் சொல் மூடிவிட்டது. விற்ற கம்பனிகளுள் ஒன்றுக்கு மாத்திரம் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் வந்திருந்தன. நெஞ்சடைப்பும் பாரிசவாதமும் அவற்றுள் அடங்கும். அவற்றை அரசுக்கு அறிவிக்கவேண்டுமென்று அந்நாளிற் சட்டமில்லை. 2003 பெப்புருவரியில் தொழின்முறைப் பந்தாட்ட வீரரொருவர், இருபத்துமூன்று வயதினர், பயிற்சிக் களத்திலே வெப்பத்தால் வீழ்ந்து இறந்தார். அவர் எபெட்ரா வில்லை உண்டிருந்தார் என்று மரண விசாரணை கண்டது. 2004 ஏப்பிரலில் எபெட்ரா தடைசெய்யப்பட்டது. கடுமையான தீங்குகளை அறிவித்தே ஆகவேண்டுமென்ற விதி 2006இல் வந்தது.

2007ஆம் ஆண்டில், சீட்டின்றி விற்கத்தக்க மெலிவிக்கும் மருந்தாக ஓர்லிஸ்ற்றற் என்பதன் சிறிய அளவு வில்லையை அமெரிக்க நிருவாகம் ஆராய்ந்து ஏற்றது. அஃது அனலையுங் கூட்டாது, பசியையும் அடக்காது. உண்ட கொழுப்பில் நாலிலொரு பங்கு குடலிற் சீரணியாது கழிய விடும். கொழுப்பு மிக உண்டவர்க்கு ஆடை அழுக்காகும் சங்கடம் நேரும். பத்தியத்தைக் கைவிடாதவர்க்கு மட்டுமே அது சிறிது உதவும். பத்தியத்துக்கு மாற்றாக வாங்க வந்தவர் ஏமாந்தனர். பான்ரிங் உயிரோடிருந்தால் நகைத்திருப்பார்.

முழு மூலிகையென்று பெயர் தாங்கிய பல வில்லைகளைச் சோதித்தபோது, நெஞ்சுக்குக் கேடென்று 2010இல் விலக்கப்பட்ட சிபுற்றமீன் என்னும் மருந்து அவற்றுள் மறைந்திருக்கக் கண்டனர். பெட்டியின் மேல் அதன் பெயரில்லை. 1906ஆம் ஆண்டுச் சட்டமே தண்டிக்கக்கூடிய குற்றம் இது. ஆயினும் அஞ்சலில் வரும் பொதியை எவர் திறந்து பார்ப்பது?

அவ்வகைப் பொதிகளிலேயே டைநைத்திரோபீனோலும் திரும்பி வந்தது. தசை பெருக்குவோரும் மெலிய விரும்பிய இளையோரும் அதனைக் கணினி வழியே தருவித்து உண்டு இறந்தனர். பிரித்தானியாவில் அது மனிதர் உண்ணத்தக்கதன்றென்று முன்னரே விலக்கப்பட்டிருந்தும், உரமென்றும் சாயமென்றும் பெயரிட்டு விற்றல் எளிதாயிருந்தது. மாண்டோரின் பெற்றோரும் மரண விசாரணை அதிகாரிகளும் ஆண்டுக்கணக்காய் முறையிட்டனர். 2023 ஒக்டோபர் 1ஆம் நாள் முதல் அந்நாட்டில் அப்பொடி 1972ஆம் ஆண்டு நஞ்சுகள் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட நஞ்சாயிற்று. உள்நாட்டமைச்சின் அனுமதிப் பத்திரமின்றிப் பொது மக்கள் எவரும் அதனை வாங்கவோ வைத்திருக்கவோ இயலாது. வெடிமருந்து செய்ய உதவும் இரசாயனங்களையும் அதே சட்டமே கட்டுப்படுத்துகின்றது.